வினாவின் சொல்லும் விடையின் எண்ணும்

சமூகவியல் ஆய்வு நெறிமுறை என்னும் பாடம் இளங்கலை மாணவர்க்குப் பெரும்பாலும் சுவையற்ற பாடமாகவே அமைந்துவிடுகின்றது. மாதிரி, கருதுகோள், வினாநிரல் எனக் கலைச்சொற்களை மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் இறக்கி வைப்பதோடு அது முடிந்துபோகும். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் இப்பாடத்தைக் கல்லூரி வளாகங்களில் நிகழும் பாலியல் வன்கொடுமை என்னும் பொருளைக் கொண்டு கற்பிக்கின்றனர். பேசவே கூசும் பொருளாயிற்றே என மூத்தோர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் ஆய்வு நெறியின் சிக்கல்கள் இத்துணை ஒருங்கே திரண்டு நிற்கும் பொருளைக் காண்பது அரிது.

அந்நாட்டில் இவ்வாய்வு புதியதன்று. 1957இல் கிர்க்பாட்ரிக், கேனின் என்னும் சமூகவியலார் இருவர் 291 மாணவியரிடம் வினவினர். அக்கல்வியாண்டில் ஏதேனும் ஒரு நிலையில் அத்துமீறலுக்கு ஆளானதாகக் கூறியோர் 55.7 விழுக்காட்டினர். பின்னர் 1987இல் மேரி காஸ் என்னும் உளவியலாரும் அவர்தம் குழுவினரும் 32 கல்வி நிறுவனங்களில் 6,159 மாணவ மாணவியரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவே, 'நால்வரில் ஒருவர்' என்னும் தொடராக ஊரெங்கும் பரவியது. மாணவர் முதலில் கற்க வேண்டியது இத்தொடரைப் பிரித்துப் பார்ப்பதைத்தான். அவ்வாய்வின் 27.5 விழுக்காடு என்பது பதினான்கு அகவை முதல் நிகழ்ந்தவற்றைக் குறிப்பது. முயற்சி அளவில் நின்றவற்றையும் உள்ளடக்கியது. கல்லூரிக் காலத்தில் மட்டும் நிகழ்ந்தவற்றின் கணக்கு அன்று. எத்தனை பேர் என்று கேட்பவர், எக்காலத்தில், எதனை என்றும் உடன் கேட்டல் வேண்டும்.

வகுப்பறைக்கு மிகவும் பயன்படுவது 1997இல் நடத்தப்பெற்று 2000இல் வெளிவந்த ஃபிஷர், கல்லன், டர்னர் ஆகியோரின் ஆய்வாகும். இவர்கள் 4,446 மாணவியரிடம் தொலைபேசி வழி வினவினர். குற்றத்தின் பெயரைச் சொல்லி 'அது உமக்கு நேர்ந்ததா?' என்று கேளாமல், செயலை வெளிப்படையாக விவரித்து, 'அச்சுறுத்தியோ வலிந்தோ இவ்வாறு எவரேனும் செய்ததுண்டா?' என்று கேட்டனர். அதே காலத்தில் 4,432 மாணவியர் கொண்ட மற்றொரு குழுவிடம், அரசின் குற்றக் கணக்கெடுப்பில் வழங்கும் வினாக்களைத் தழுவிக் கேட்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு மாத காலத்தில் முற்றுப்பெற்ற வல்லுறவுக்கு ஆளானோர் முதற்குழுவில் 1.7 விழுக்காடு, இரண்டாம் குழுவிலோ 0.16 விழுக்காடு. வினவிய முறை மாறவே விடை ஏறத்தாழப் பதினொரு மடங்கு மாறிற்று!

இதனினும் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. முதற்குழுவில் வல்லுறவு என்னும் வரையறைக்குள் அடங்கிய நிகழ்ச்சிகள் 86. அவற்றுள் 42இல், பாதிக்கப்பட்ட பெண்ணே அதனை அப்பெயரால் குறிக்கவில்லை. துன்பம் நேர்ந்திருக்கின்றது, அதற்குரிய பெயரை ஏற்க மனம் ஒப்பவில்லை.

மொழித்துறையாருக்கு இங்கு என்ன வேலை என்று வினவுவார்க்கு விடை இவ்விடத்தேதான் உள்ளது. நம் நாளிதழ்கள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதி வந்தன. வன்முறை செய்தவன் ஒருவன். அழிந்ததாகச் சொல்லப்படுவதோ அவளுடைய கற்பு! இச்சொல்லை வினாநிரலில் இட்டு ஒரு மாணவியிடம் நீட்டினால், 'ஆம்' என்று எழுதும் அக்கணமே அவள் தன்மீது தானே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றாள். 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல் குற்றத்தைச் செய்தவன் பக்கம் திருப்புகின்றது. எனினும் அதுவும் பொதுச்சொல்லே. எச்செயலைச் சுட்டுகின்றது என்பது விளங்காது. ஆகவே தமிழில் இத்தகைய வினாநிரல் அமைப்போர், பெயர்ச்சொல்லைத் தவிர்த்து வினைச்சொல்லால் கேட்பதே தக்கது.

விடையளியாதார் குறித்தும் எண்ணுதல் வேண்டும். 2015இல் 27 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த பெருங்கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மாணவர் பங்கேற்றனர். எண்ணிக்கை மலைப்பூட்டுவது, ஆனால் அழைக்கப்பட்டோருள் விடையளித்தோர் 19.3 விழுக்காட்டினரே. எஞ்சியோர் துன்புறாமையால் வாளாவிருந்தனரா, துன்புற்றமையால் வாளாவிருந்தனரா?

இனி அறநெறி. இளங்கலை மாணவர் கையில் வினாத்தாளைக் கொடுத்து, 'விடுதித் தோழியரிடம் கேட்டு வாருங்கள்' என அனுப்புதல் தகாது. மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துமுன் நிறுவனத்தின் அறநெறிக் குழு ஆராய வேண்டும் என்னும் ஏற்பாடு அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்றது. வகுப்பிலேயே பாதிக்கப்பட்டவர் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும் என்று கொண்டே ஆசிரியர் பேச வேண்டும். பாடப்பொருளை முன்னரே அறிவித்தலும், விரும்பாதார்க்கு வேறு பணி அளித்தலும், எழுந்து செல்பவரைக் காரணம் கேளாமையும் இன்றியமையாதவை. வெளிவந்துள்ள வினாநிரல்களையும் அறிக்கைகளையும் ஒப்பிடுவதே மாணவர்க்குப் போதிய ஆய்வுப் பணியாகும்.

அத்தகைய அறிக்கைகளுக்கு அங்குக் குறைவில்லை. 1990இல் இயற்றப்பெற்று, 1998 முதல் கிளெரி சட்டம் என வழங்கும் சட்டப்படி, அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள் ஆண்டுதோறும் வளாகக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். நம் நாட்டிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகப் புகார்க் குழு தன்னிடம் வந்த புகார்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் தர வேண்டும். 'புகார் ஏதுமில்லை' என்னும் வரியைக் கண்டதும் நிருவாகத்தார் மகிழ்தல் இயல்பே. ஆய்வு மாணவரோ, அக்குழு இருப்பதை எத்தனை மாணவியர் அறிவர், புகாரை யாரிடம், எந்த அறையில், எவர் கண்ணில் படாமல் அளிக்க இயலும் என்று கேட்ட பின்னரே அச்சுழியத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதுவார்.