மனு போதாது, கேள்வி வேண்டும்

கொரோனா காலத்தில் எங்கள் ஊரில் ரத்தான ரயில் நிறுத்தம் இன்னும் திரும்பவில்லை. எம்.பி.யிடம் மனு கொடுத்தும் பலனில்லை. நாடாளுமன்றத்தில் இதை எழுப்ப வழி உண்டா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

உண்டு சகோதரி. ரயில்வே மத்திய அரசின் துறை என்பதால் நீங்கள் தட்டியது சரியான கதவுதான். ஆனால் வெறும் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். இந்த முறை, "நட்சத்திரக் குறியிடாத கேள்வியாகக் கேளுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கேள்வி பட்டியலில் இடம்பெற்றால் அமைச்சர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு 230 கேள்விகள் வரை இப்படி இடம்பெறும். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே எம்.பி.யைப் பாருங்கள்.

கேள்வியை நீங்களே தயாரித்துக் கொடுப்பது நல்லது. ரயில் எண், நிறுத்தம் ரத்தான தேதி, அதை நம்பிக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் போனவர்கள் எத்தனை பேர் என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். "எப்போது திரும்பத் தருவீர்கள், இல்லையென்றால் காரணம் என்ன?" என்று முடியுங்கள்.

அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எம்.பி. பேசினால் செய்தியில் வரும். ஆனால் அமைச்சர் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. அதைவிட மக்களவை விதி 377-இன் கீழ் எழுப்பச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் வரும்.

"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். சபையில் சொன்ன அந்த வார்த்தை உறுதிமொழியாகக் கருதப்படும். அரசு அதை 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதிலின் நகலோடு மறுபடியும் எம்.பி.யிடம் போங்கள்.