லீ சாங்-ஹ்வாவும் வினாடியின் நூறில் ஒரு பங்கும்

பௌதிகம் படிக்க வந்த முதல் மாதத்திலேயே தசமப் புள்ளி என்னைத் தண்டித்துவிட்டது. ஊசல் ஆடும் நேரத்தைக் கைக்கடிகாரம் பிடித்து அளந்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கங்களைப் பெருமையோடு எழுதியிருந்தேன். ஆசிரியர் இரண்டாவது இலக்கத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “இது ஊசலின் நேரமா, உன் விரலின் தாமதமா?” என்று கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன்.

அந்தக் கேள்வி முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் கொரிய வீராங்கனை லீ சாங்-ஹ்வாவின் பந்தய நேரங்கள் என் கண்ணில் பட்டன. அவரது வாழ்வே அந்த இரண்டாவது இலக்கத்தில் நடந்திருக்கிறது. அவற்றில் எது அவருடையது, எது பிறிதொன்றுடையது என்று கணக்குப் பார்த்தேன். நண்பர்களும் கூட இருந்து பாருங்கள்.

ஐஸ் என்றால் சர்பத்தில் போடுவது என்று எண்ணி வளர்ந்தவன் நான். ஆகவே பந்தயம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 400 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டப் பனித்தளம். உள்தடம் ஒன்று, வெளித்தடம் ஒன்று. இருவர் இருவராக ஓடுவர். ஆனால் உண்மையான எதிரி கடிகாரம்தான். எல்லா இணைகளும் ஓடி முடிந்த பிறகு குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றி பெற்றவர். 500 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு வளைவுகள் வரும். இரண்டுக்கும் நடுவே ஓடுவோர் தடம் மாறவேண்டும். உள்தடத்தில் தொடங்கியவருக்குக் கடைசி வளைவு வெளியே. வெளித்தடத்தில் தொடங்கியவருக்குக் கடைசி வளைவு உள்ளே. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

லீ 1989-ல் சியோல் நகரில் பிறந்தவர். 2006-ல் டூரின் ஒலிம்பிக்கில் பதினாறு வயதுப் பெண்ணாக 500 மீட்டரில் ஐந்தாவது வந்தார். அந்நாளில் கொரியாவின் புகழெல்லாம் குறுந்தளச் சறுக்கோட்டத்தில்தான். இந்த நெடுந்தள ஓட்டத்தில் அந்நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கமே கிடையாது. 2010 பிப்ரவரியில் வான்கூவரில் மோ டே-பம் ஆடவர் 500 மீட்டரில் முதல் தங்கம் வாங்கினார். மறுநாள் மகளிர் 500 மீட்டரில் லீ வாங்கினார். அப்போட்டியில் வென்ற முதல் ஆசியப் பெண் அவரே. இருவரும் அப்போது ஒரே பல்கலைக்கழகத்து மாணவர்கள் என்பது நமக்கெல்லாம் இனிக்கும் செய்தி.

வான்கூவரில் ஒவ்வொருவரும் இருமுறை ஓடினார்கள். லீயின் நேரங்கள் 38.24, 37.85, கூட்டினால் 76.09. அன்று உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஜெர்மனியின் ஜென்னி வுல்ஃப் எடுத்தது 76.14. வேற்றுமை 0.05 வினாடி! அந்த வேகத்தில் இது ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். இரண்டு ஓட்டங்களும் சேர்ந்து ஆயிரம் மீட்டர் ஓடி, ஒன்றரை முழத்தில் தங்கம்.

இங்கேதான் என் ஆசிரியரின் கேள்வி எழுகிறது. நார்வே நாட்டுப் புள்ளியியல் அறிஞர் நில்ஸ் லித் யோர்ட் பந்தய நேரங்களை ஆராய்ந்து, கடைசி வளைவை வெளியே பெறுபவருக்கு ஏறக்குறைய 0.05 வினாடி லாபம் உண்டு என்று காட்டினார். காரணம் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 26 மீட்டர் ஆரமுள்ள உள்வளைவில் திரும்புவதற்குப் புவியீர்ப்பு முடுக்கத்தில் முக்கால் பங்கு வேண்டும். வெளிவளைவில் ஆரம் பெரிது, அவ்வளவு தேவையில்லை. களைத்த கால்களுக்கு அந்தச் சிறு சலுகையே பெரிது. ஆகவே 1998 முதல் ஒலிம்பிக்கில் ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே தொடங்கி இருமுறை ஓடும்படி விதி செய்தார்கள். தடத்தின் சலுகை இருவருக்கும் சமமாகிவிட்டது. எனவே வான்கூவரின் அந்த 0.05 லீயினுடையதே; தடத்தினுடையது அன்று.

2013-ஆம் ஆண்டை என்னென்பது! சனவரியில் கால்கரியில் 36.80 என்று உலக சாதனை. நவம்பரில் அதே இடத்தில் 36.74. பின்னர் சால்ட் லேக் நகரில் 36.57, மறுநாளே 36.36. ஓராண்டில் தம் சாதனையைத் தாமே மூன்று முறை உடைத்தார். மூன்று மாதம் கழித்து ஸோச்சி ஒலிம்பிக்கில் 37.42, 37.28 என ஓடி, 74.70 என்ற ஒலிம்பிக் சாதனையோடு இரண்டாம் தங்கம் பெற்றார்.

“36.36 எங்கே, 37.28 எங்கே? அதற்குள் தளர்ந்துவிட்டாரா?” என்று அறைத்தோழன் கேட்டான். தளரவில்லை ஐயா, காற்று தடித்துவிட்டது! சால்ட் லேக் தளம் கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. சறுக்குவோரைத் தடுப்பதில் பெரும்பங்கு பனிக்கு அன்று, காற்றுக்கே. ஸோச்சியோ கடற்கரை ஊர். இடத்தைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் ஒப்பிடுவது, படி எது மரக்கால் எது என்று பாராமல் நெல்லை அளப்பது போன்றது.

2018-ல் சொந்த நாட்டில், காங்னுங் நகரில், மூன்றாவது தங்கத்துக்காக நின்றார். முழங்கால் நோயோடு பல ஆண்டு போராடிய உடல். அந்த முறை விதி மாறி ஒரே ஓட்டம் என்றாகிவிட்டது. லீக்குக் கிடைத்ததோ வெளித்தடம். அதாவது கடைசி வளைவு உள்ளே. முதல் 100 மீட்டரை ஜப்பானின் கொடைரா நாவோவைவிட விரைவாகவே கடந்தார். கடைசி வளைவில் கால் சற்றுத் தடுமாறியது. 37.33. கொடைரா முன்பே 36.94 ஓடி முடித்திருந்தார். தங்கம் போயிற்று.

லீயின் பக்கம் நிற்கும் எனக்குத் தடத்தைக் குற்றம் சொல்ல ஆசைதான். கணக்கு விடவில்லை. தடத்தின் பங்கு 0.05 அளவே, தோல்வி 0.39. தடத்தின் பங்கைக் கழித்தாலும் 0.34 மிஞ்சுகிறது. அது கொடைராவின் உழைப்பு. நான்காண்டுக்கு முன் ஸோச்சியில் ஐந்தாவது வந்தவர் அவர். மூன்றாவதாக வந்த செக் வீராங்கனைக்கு 37.34, லீயின் வெள்ளி ஒரு சாணுக்கும் குறைந்த தூரத்தில் நின்றது என்பதையும் சொல்லவேண்டும்.

கொடைரா ஓடி முடித்ததும் ஜப்பானிய ரசிகர்கள் ஆரவாரித்தார்கள். அவர் உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினார்; அடுத்து ஓட நின்றவர் லீ. எல்லாம் முடிந்து லீ கண்ணீரோடு தளத்தைச் சுற்றி வந்தபோது, காத்து நின்று அணைத்துக்கொண்டவரும் அவரே. இருவர் கையிலும் அவரவர் நாட்டுக் கொடி இருந்தது. இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

2019 மே மாதம் லீ ஓய்வு பெற்றார். அவரது 36.36 மேலும் பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2025 நவம்பரில் நெதர்லாந்தின் ஃபெம்கே கோக் 36.09 ஓடி அதை முறித்தார். இடம் அதே சால்ட் லேக். அதே மெல்லிய காற்று.