வழியை அடைக்கும் முன்

நெய்யாற்றின்கரைக்கு அருகில் உள்ளது அமரவிளை. அங்கிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு.

இந்த மாநில எல்லை 1956 நவம்பர் 1 அன்று வந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் இருந்தது. நிலம் பிரிந்தது. உறவு பிரியவில்லை. கல்யாணம், சந்தை, வேலை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மக்கள் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறார்கள்.

அமரவிளை என்றதும் சோதனைச் சாவடி நினைவுக்கு வரும். சாவடி வேறு, அடைப்பு வேறு. சாவடி நிறுத்திப் பார்த்து அனுப்பும். அடைப்பு யாரையும் அனுப்பாது.

2020இல் கொரோனா நோய் பரவியது. மாநில எல்லைகள் மூடப்பட்டன. நோயைத் தடுக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் எப்படித் தடுப்பது?

கேரளத்தின் வடக்கே காசர்கோடு இருக்கிறது. அங்குள்ளவர்கள் பெரிய வைத்தியத்துக்கு மங்களூர் போவார்கள். மங்களூர் கர்நாடகத்தில் உள்ளது. கர்நாடகம் சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தது. நோயாளிகள் வழியிலே தவித்தார்கள். சிலர் உயிர் இழந்தார்கள். வழக்கு நடந்தது. அடைப்பை நீக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று உத்தரவிட்டது. பிறகுதான் அவசர நோயாளிகளைப் பரிசோதித்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். இந்த ஏற்பாட்டை முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா?

அதே ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைச் சாலைகளில் சுவர் எழுப்பினார்கள். குடியாத்தம் அருகிலும் பொன்னை அருகிலும் இது நடந்தது. எதிர்ப்பு எழுந்தது. கட்டிய சுவரை இடிக்க வேண்டி வந்தது. செலவும் வீண், உழைப்பும் வீண்.

எந்த வழியில் யார் போகிறார்கள்? ஊர்க்காரர்களுக்குத் தெரியும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், பிள்ளைபெற நாள் நெருங்கியவர் யார் என்பதும் தெரியும். அவசரத்தில் கூட்டம் போட நேரம் இருக்காது. பஞ்சாயத்து உறுப்பினரையும் ஆஷா பணியாளரையும் கேட்க நேரம் இருக்கும்.

நாமும் காத்திருக்கக் கூடாது. கேரளப் பஞ்சாயத்துகளில் வார்டுதோறும் கிராம சபை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். சிறிய நகராட்சிகளில் வார்டு சபை உண்டு. அங்கே போய்க் கேளுங்கள்:

1. அடைப்பு எதற்கு? எத்தனை நாளைக்கு?
2. நோயாளிக்கு எந்த வழி திறந்திருக்கும்?
3. இரவில் யாரிடம் கேட்பது?
4. எல்லைக்கு அப்பால் உள்ள அதிகாரிகளிடம் பேசியாயிற்றா?

பேசிய பிறகு, சொன்னது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று படித்துப் பாருங்கள். படிக்கக் கற்றது இதற்கும்தான்.

பேசுவோம்: நம் ஊரிலிருந்து எல்லை தாண்டும் வழிகள் எத்தனை? எதை ஒருபோதும் அடைக்கக் கூடாது? ஏன்?

எழுதுவோம்: எல்லை, சாவடி, அடைப்பு, கிராம சபை, பதிவேடு.