நான்கு சிப்பாய்களை வெட்டியும் தோல்வி ஏன்?

"நாலு சிப்பாய் வெட்டினேன் சார். அப்புறம் எப்படித் தோத்தேன்?"

வட்டார அளவிலான சதுரங்கப் போட்டி முடிந்து குடிகாடு திரும்பும் வழியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. அவள் எழுதி வைத்திருந்த ஆட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். 9 நகர்த்தல்களில் செக்மேட். தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் தலா 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பெண் கற்பித்ததும், "சும்மா கிடைத்தால் விடாதே" என்று சொன்னதும் நான்தான்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். நம் பள்ளிகளிலும் சதுரங்க ஆர்வம் பெருகியிருக்கிறது. இந்த நேரத்தில் என் அனுபவம் உங்களுக்கும் பயன்படலாம்.

ஆட்டத்தில் நடந்தது

தொடக்கத்திலேயே சிப்பாயைக் கொடுத்து, காய்களை விரைவாக வெளியே கொண்டுவரும் உத்தியே கேம்பிட். அன்று எதிராளி ஆடியது டேனிஷ் கேம்பிட். பலகையில் வைத்துப் பாருங்கள். முதலில் வெள்ளை, அடுத்துக் கருப்பு.

1. சிப்பாய் இ4 – சிப்பாய் இ5
2. சிப்பாய் டி4 – இ5 சிப்பாய் டி4ஐ வெட்டுகிறது
3. சிப்பாய் சி3 – அதே சிப்பாய் சி3ஐ வெட்டுகிறது
4. மந்திரி சி4 – அதே சிப்பாய் பி2ஐ வெட்டுகிறது
5. மந்திரி பி2ஐ வெட்டுகிறது – மந்திரி இ7
6. ராணி டி5 – குதிரை ஹெச்6
7. மந்திரி ஜி7ஐ வெட்டுகிறது – யானை ஜி8
8. மந்திரி ஹெச்6 குதிரையை வெட்டுகிறது – யானை ஜி2ஐ வெட்டுகிறது
9. ராணி எஃப்7ஐ வெட்டுகிறது, செக்மேட்

கருப்பின் முதல் நான்கு நகர்த்தல்களும் ஒரே சிப்பாய்க்கே போய்விட்டன. வெள்ளை 5ஆவது நகர்த்தலை முடித்தபோது அதன் இரண்டு மந்திரிகளும் வெளியே நின்றன. கருப்புக்கு ஒரு காய்கூட வெளியே வரவில்லை. எஃப்7க்கு ஆபத்து நின்றுகொண்டிருந்த 8ஆவது நகர்த்தலில்கூட அவள் கண் நான்காவது சிப்பாய் மேல்தான் இருந்தது. மூன்று நகர்த்தல்கள் ஒரு சிப்பாய்க்குச் சமம் என்பது சதுரங்கத்தில் பழைய கணக்கு. அந்தக் கணக்கை நான் கற்பிக்கவே இல்லை.

ஆனந்துக்கும் நேர்ந்தது

பெரிய வீரர்களுக்கும் இது நேரும். 1995இல் ரீகா நகரில் நடந்த மிகைல் தால் நினைவுப் போட்டியில், ஆனந்துக்கு எதிராக காஸ்பரோவ் எவான்ஸ் கேம்பிட் ஆடினார். கப்பல் தலைவர் எவான்ஸ் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த பழைய உத்தி அது. ஆனந்த் பி4 சிப்பாயை வெட்டினார். அவருடைய முதல் 14 நகர்த்தல்களில் 7 குதிரைகளுக்கும், 3 ஒரே மந்திரிக்கும் செலவாயின. 15ஆவது நகர்த்தலில் இ5 சிப்பாயையும் வெட்டினார். கோட்டை கட்ட நேரமே கிடைக்கவில்லை. காஸ்பரோவின் 25ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. அதே ஆனந்த் பின்னாளில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் வழி

கேம்பிட்டுக்குப் பயந்து சிப்பாயைத் தொடாமலே இருக்கவேண்டும் என்பதில்லை. வாங்கியதை உரிய நேரத்தில் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தால் போதும். மேற்கண்ட ஆட்டத்தில் 5ஆவது நகர்த்தலாகக் கருப்பு டி5 சிப்பாயை முன்வைத்தால், மந்திரிக்கும் ராணிக்கும் வழி திறக்கும். தொடர்ச்சி இது: வெள்ளை மந்திரி டி5ஐ வெட்டும், கருப்புக் குதிரை எஃப்6. மந்திரி எஃப்7ஐ வெட்டிச் செக் வைக்கும். ராஜா அதை வெட்டும். வெள்ளை ராணி டி8இல் கருப்பு ராணியை வெட்டும். கருப்பு மந்திரி பி4இல் செக். வெள்ளை ராணி டி2க்கு வந்து மறைக்கும். மந்திரி அதை வெட்ட, குதிரை மந்திரியை வெட்டும். இப்போது எண்ணிப் பாருங்கள்: இரு பக்கமும் ஐந்து ஐந்து சிப்பாய்கள், காய்களும் சமம்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை இணைகளாக அமர்த்தி இந்தத் தொடக்கத்தை ஆடச் சொல்லுங்கள். 5ஆவது நகர்த்தலில் நிறுத்தி, மூன்று விடைகளை நோட்டில் எழுதச் செய்யுங்கள்.

1. யாரிடம் எத்தனை சிப்பாய்கள்?
2. யாருடைய எத்தனை காய்கள் வெளியே வந்துள்ளன?
3. என் ராஜா கோட்டை கட்ட இன்னும் எத்தனை நகர்த்தல்கள் வேண்டும்?

முதல் விடை சாதகமாகவும் மற்ற இரண்டும் பாதகமாகவும் இருந்தால், அடுத்த சிப்பாயை வெட்டக் கூடாது. ஒரு காயை வெளியே எடுக்கவேண்டும்.

எங்கள் மாணவர்களுக்கு உப்பனாற்றில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. "முதல் புழுவைத் தின்ற மீன் தப்பித்தால், இரண்டாவது புழுவுக்கு வரலாமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த மாணவி மட்டும் சிரிக்காமல், பலகையில் டி5 சிப்பாயை முன்னே நகர்த்தி வைத்தாள்.