சமூக அடுக்கு மனப்பான்மையை அளத்தல்: முக்கியக் குறிப்புகள்

• கோலா சிலாங்கூர் முதல் சுங்கை பஞ்சாங் வரை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததுதான். துரை, கிராணி, கங்காணி, கீழே பால்மரத் தொழிலாளி. அவர்களுக்குள் சாதி வேறு.

• 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம்: தலைவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைகளில் கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் உண்டு: துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமை. பலர் கூலியை மட்டும் எழுதி இதை விட்டுவிடுகிறார்கள்; நம் தலைப்புக்கு இதுதான் முக்கியம். மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரநிலை, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு.

• சமூக ஆதிக்க நாட்டம்: ஜிம் சிடானியஸ், ஃபெலிசியா பிராட்டோ. அளவுகோல் கட்டுரை 1994, சிடானியஸ்–பிராட்டோ நூல் 1999. சில குழுக்கள் மேலே, சில கீழே இருப்பதே சரி என்று ஒருவர் எவ்வளவு நினைக்கிறார் என்பதே அளக்கப்படுவது. 16 கூற்றுகள்; பாதி சமத்துவத்தை ஆதரிப்பவை. 1–7 புள்ளி. ஆதரவுக் கூற்றுகளின் புள்ளியை 8-லிருந்து கழிக்க வேண்டும் (2 என்றால் 6). பிறகே சராசரி. கணக்கில் இடறுவது இங்கேதான்.

• 2015 திருத்தம் சமூக ஆதிக்க நாட்டத்தை இரண்டாகப் பிரித்தது: வெளிப்படையான ஆதிக்கம், சமத்துவத்தை நாசூக்காக மறுப்பது.

• குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஆல்டிமேயரின் வலதுசாரி அதிகாரவாத அளவுகோல் (1981) மேலதிகாரத்துக்கும் மரபுக்கும் பணிவதை அளக்கிறது, குழுக்களின் ஏற்றத்தாழ்வை அல்ல.

• போகார்டஸ் சமூகத் தொலைவு அளவுகோல், 1925. பிற குழுவினரை எவ்வளவு நெருக்கமாக ஏற்பார் என்பதற்கு, மணஉறவு முதல் நாட்டிலிருந்தே விலக்குவது வரை 7 படி.

• நேராகக் கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்? 2011–12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, ஏறத்தாழ 42,000 குடும்பங்களிடம் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறார்களா என்று கேட்டது. ‘இல்லை’ என்றவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரத்தைப் புழங்கலாமா? பார்ப்பதாகத் தெரிந்த குடும்பங்கள் நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல்.

• மலேசியாவுக்கு: இராஜகிருஷ்ணன் இராமசாமி, மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றிய ஆங்கில நூல், 1984. நம்மூரில் அந்தச் சமையலறைக் கேள்வியைவிடக் கல்யாணப் பேச்சு கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும் என்பது என் கணிப்பு; விடைத்தாளில் எழுத வேண்டாம்.