சொல் ஒழிந்த இடத்து இசை

பாட்டையும் வாத்திய இசையையுங் கேட்டவிடத்து உள்ளம் உருகுதலும் கண்ணீர் பெருகுதலும் யாவர்க்கும் அநுபவமாயுள்ளன. ஆயினும், அவ்வுருக்கம் இசையின்கண்ணே இருக்கின்றதோ, அன்றி இசை வந்து பொருந்தும் இடத்தின்கண் இருக்கின்றதோ என்று ஆராய்வார் சிலரே. செய்யுளும் இசையுங் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் இதனைத் தெளிந்துகொள்ளுதல் அவசியமாம்; ஒரு பிள்ளையின் உள்ளத்தைத் தொடுதலும் அதனைப் புண்படுத்தலும் ஒரே பாடவேளையில் நிகழக்கூடியன. ஈண்டு ஓர் உதாரணத்தை எடுத்து விரிப்பாம்.

சத்தியஜித் ராய் என்பார் இயக்கி 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்காளச் சலனப்படம் உலகெங்கும் புகழ்பெற்றது. விபூதிபூஷண் பந்தியோபாத்தியாயர் எழுதிய நாவலைத் தழுவியது. இதற்கு இசை வகுத்தவர் சித்தார் வித்துவான் இரவிசங்கர். வித்துவானுக்கு அவகாசம் மிகக் குறைவாயிருந்தமையால், ஓரிரவு முழுதும் விழித்திருந்தே இசையை ஒலிப்பதிவு செய்தனர் என்ப.

கதை ஒரு வறிய குடும்பத்தைப் பற்றியது. தந்தை ஹரிஹரன் பொருள் தேடி அயலூர் சென்றிருக்குங் காலத்து, மழையில் நனைந்த மகள் துர்க்கை சுரங்கண்டு, புயல் வீசிய ஓரிரவில் இறந்துபடுகின்றாள். இஃதறியாத தந்தை திரும்பி வந்து, தான் கொணர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்வஜயையிடங் காட்டுகின்றான். ஈற்றில் மகளுக்கென்று வாங்கிவந்த சேலையை நீட்டுகின்றான். அதுகாறுங் கல்லென இருந்த தாய் அச்சேலையை வாயிற் கவ்விக்கொண்டு வாய்விட்டழுகின்றாள். அழுகின்ற முகத்தைக் காண்கின்றோம். அழுகுரலோ நமக்குக் கேட்பதில்லை. அக்குரலை முற்றும் நீக்கிவிட்டு, அவ்விடத்தில் தார்ஷெனாய் என்னும் வாத்தியத்தின் உச்சத்தாயி ஒலியை அமைத்திருக்கின்றார் ராய்.

தார்ஷெனாய் என்பது வில்லால் வாசிக்கப்படும் நரம்புக்கருவி. எஸ்ராஜ் என்னும் வடநாட்டுக் கருவியோடு ஓர் உலோகப் புனலைப் பொருத்தியமையால், அதன் நாதம் ஷெனாய் என்னுங் குழற்கருவியின் நாதத்தை ஒத்து ஊடுருவிச் செல்லும். அன்று வாசித்தவர் தக்ஷிணாமோகன் தாகூர், இராகம் பட்தீப். நம் கர்நாடக முறையிற் கௌரிமனோகரி மேளத்துச் சுரங்களே அதற்கும் உரியன. ஆரோகணத்தில் மாத்திரம் ரிஷபமுந் தைவதமும் விடப்படும். வில்லிழுப்பில் நாதம் அறாமல் நீளுதலும், ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லுதலும் மனிதர் ஓலத்துக்கு மிக அணியன. அது பற்றியே அக்கருவி அவ்விடத்துக்குப் பொருந்திற்று.

கருவியும் இராகமும் மாத்திரமே காரணமெனின், பட்தீப் பாடும் கச்சேரிதோறும் சபையார் அழுதல் வேண்டுமே; அங்ஙனம் இல்லை. அவ்விராகத்தைக் கேட்டு மகிழ்ந்து தலையசைப்பாரே மிகப் பலர். பின் யாதோ காரணமெனின், தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நமக்கு வழிகாட்டும். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழவு, இளிவு, வறுமை, அசைவு என நான்கு நிலைக்களங்கள் அங்கே கூறப்பட்டன. இப்படத்திலே துர்க்கையின் மரணம் இழவு. அயல்வீட்டார் அவளைத் திருடியென்று பழித்தபோது தாய் பட்ட நாணம் இளிவு. இடிந்த சுவரும் மருந்துக்கு வழியின்மையும் வறுமை. முன்னிருந்த தோட்டத்தைக் கடனின் பேரால் உறவினர்க்கு இழந்து நிலைதாழ்ந்தமை அசைவின்பாற் படும். நான்கனையும் ஒருமணி நேரத்துக்கு மேலாகச் சிறிது சிறிதாக நமக்குக் காட்டி, அவற்றைப்பற்றி ஒருவரையும் புலம்பவிடாது தடுத்துவைத்திருந்து, பின்னரே அந்நாதத்தைத் திறந்துவிடுகின்றார். அணை முன்னரே நிரம்பியிருந்தது. இசை மடையைத் திறந்தது.

அழுகுரலைக் கேட்டிருப்பின் ‘இவள் அழுகின்றாள்’ என்று வேறாக நின்று இரங்கியிருப்போம். குரல் நீங்கியதனால் அவ்வழுகை இன்னாருடையதென்னும் வரையறையும் நீங்கிற்று. வங்காள பாஷை அறியாதார்க்கும் அவ்விடம் விளங்குதற்கு ஏது இதுவே. இக்காலத்துப் படங்கள் பலவற்றில் முதலிலிருந்து முடிவுவரை வயலின் கூட்டம் ஓயாது விம்முகின்றது. அழுக என்று கட்டளையிடும் இசைக்கு நெஞ்சம் எளிதிற் பணிவதில்லை.

இனி வகுப்பறைக்கு வருவாம். மேல்வகுப்பு மாணாக்கர்க்கு மெய்ப்பாட்டைக் கற்பிக்கும் உபாத்தியாயர், முதலில் இப்படம் முழுவதையுங் காட்டுக. இடையிடையே நிறுத்தி வியாக்கியானஞ் செய்யற்க. ‘இனி வருவது சோகமான இடம்’ என்று முன்னறிவித்தல் பெரும் பிழையாம். மறுநாள் அவ்வொரு காட்சியை மாத்திரம் ஒலியை நிறுத்திக் காட்டுக. பின்னர் ஒலியோடு காட்டுக. மூன்றாவதாக, திரையை மறைத்து ஒலியை மாத்திரங் கேட்பிக்க. மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணாக்கர் தத்தம் குறிப்பேட்டில் எழுதுக. இதன் பின்னரே தொல்காப்பியத்து நிலைக்களங்களைக் கூறின், சூத்திரம் அவர்களுக்கு உயிருள்ளதாய்த் தோன்றும்.

எழுதியவற்றை உரக்க வாசிக்குமாறு எவரையும் வற்புறுத்தல் ஆகாது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே உற்றாரை இழந்த இல்லங்கள் நம் வடபுலத்துங் கீழ்ப்புலத்தும் எண்ணில. இன்று வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுட் பலர் அதற்குப் பின்னர்ப் பிறந்தவரே. ஆயினும், தாய் வாய்திறந்து சொல்லாத ஒரு பெயர், பெட்டியில் மடித்துவைத்த ஓர் உடை, அவர்கள் வீட்டிலும் இருத்தல் கூடும். அச்சேலையைக் கண்டு ஒரு பிள்ளை தலைகவிழ்ந்திருப்பின், ‘உனக்கு யாது தோன்றிற்று?’ என்று பலர்முன் வினாவுதல் கொடுமையாம். வெற்றுத்தாளைத் தருமாயின், அதனையும் விடையென ஏற்றுப் புள்ளி குறைக்காது விடுக. பின்னர்த் தனியே வந்து பேச விரும்பின், கேட்டற்கு நேரம் ஒதுக்கியிருத்தல் வேண்டும். பேச விரும்பாதாரைத் தேடிச் சென்று கிளறற்க.

அன்றைப் பாடத்தை அக்காட்சியோடு முடித்து மணியடித்தலுந் தகாது. மிட்டாய் விற்போன் காவடித்தண்டிற் பண்டந் தூக்கி முன்னே செல்ல, துர்க்கையும் தம்பி அப்புவும் ஒரு நாயும் வரிசையாய்ப் பின்தொடர, குளத்துநீரில் அவர்கள் நிழல் அசையும் இடமொன்று அப்படத்திலேயே உண்டு. துள்ளிவரும் இசையோடு கூடிய அப்பகுதியை ஈற்றிற் காட்டுக. அவ்விசையிற் சித்தார் வாசித்தவருள் ஒருவர் படத்தின் ஒளிப்பதிவாளராகிய சுப்ரத மித்திரர் என்று கூறின், பிள்ளைகள் வியந்து மீண்டும் ஒருமுறை கேட்க விரும்புவர்.