வரைமாதிரியிலிருந்து டிஜிட்டல் ட்வின் தானாக வருமா?

கேள்வி: எங்கள் இயந்திரத்தின் வடிவமைப்பு முழுவதும் சிஸ்எம்எல் (அமைப்புகளை விவரிக்கும் மாதிரி மொழி) மாதிரியாக இருக்கிறது. அதிலிருந்தே, பிற நிறுவனங்களின் மென்பொருளோடும் ஒத்துப்போகும் டிஜிட்டல் ட்வின்னைத் தானாக உருவாக்க முடியுமா?
– வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: எலும்புக்கூட்டை உருவாக்கலாம். என்னென்ன பாகங்கள், எது எதோடு இணைகிறது, எந்த அளவுக்கு எந்த அலகு என்பதெல்லாம் மாதிரியிலேயே இருக்கின்றன. மாற்று விதிகளை ஒருமுறை எழுதிவிட்டால், மென்பொருளே அவற்றை 'அசெட் அட்மினிஸ்ட்ரேஷன் ஷெல்' என்ற பொது வடிவத்துக்குக் கொண்டுபோகும். ஜெர்மனியின் இண்டஸ்ட்ரி 4.0 முயற்சியில் பிறந்த இதற்கு ஐஇசி 63278 என்ற சர்வதேசத் தரமும் உண்டு. ஒவ்வொரு பண்புக்கும் பொது அடையாளம் தரலாம் என்பதே இதன் பலம். நீங்கள் 'சுழல்வேகம்' என்றும் வாடிக்கையாளர் 'ஆர்பிஎம்' என்றும் எழுதினாலும், இரண்டும் ஒன்றே என்று கணினிக்குத் தெரியும். 2025-இல் ஏற்கப்பட்ட சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பில் மாதிரியை எழுத்து வடிவில் எழுதலாம். பொதுவான ஏபிஐயும் இருப்பதால் மாற்றம் இன்னும் எளிது.

உயிர் மட்டும் தானாக வராது. மாதிரி சொல்வது இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை. ட்வின்னோ, உங்கள் பட்டறையில் ஓடும் அந்த ஒரு இயந்திரம்: அதன் தேய்மானம், போன மாதம் மாற்றிய பேரிங், இப்போதைய வெப்பம். எந்த சென்சார் எந்தப் பண்புக்கு என்பதை, ஓபிசி யூஏ போன்ற இணைப்பு வழியாக, ஆள் உட்கார்ந்துதான் பொருத்த வேண்டும். விற்பவர்கள் இந்த உழைப்பைச் சொல்வதில்லை.

உதவிக்கு, உங்கள் துமகூரு சாலையிலேயே சிஎம்டிஐ (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) இருக்கிறது. அங்கும் இந்திய அறிவியல் கழகத்திலும் மத்திய அரசின் சமர்த் உத்யோக் மையங்கள் உள்ளன. ஒரே ஒரு இயந்திரத்தின் மாதிரியோடு முதலில் அங்கே போய்ப் பேசுங்கள்.